நூறாவது கட்டம்

பொன்னுரங்கத்துக்கு நான் ஐந்து ரூபாய் கடன் பட்டிருந்தேன். ஒன்பது வருஷம் பட்டிருந்தேன். காசு இல்லாமல் இல்லை. ஐந்து ரூபாய் என்ன பெரிய காசு? ஒரு லாரி ட்யூபுக்கு ஒட்டுப் போட்டால் அதைவிடக் கூடவே வரும். அந்த மனுஷன் தீர்க்க விட்டால்தானே!

காலமான பொன்னுரங்கம் பற்றி எங்கள் வியாபாரிகள் சங்கத்து மலருக்கு நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லி செயலாளர் வந்து கேட்டார். அவரோடு ரொம்ப நாள் வரவு செலவு வைத்திருந்தவன் நான்தானாம். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். கோவிலம்பாக்கத்தில் பிறந்து, பல்லாவரம் குவாரியில் பதினோரு வயசில் ஜல்லி உடைத்தவன். இன்றைக்கு, 1998-இல், பெருங்களத்தூர் ஜிஎஸ்டி ரோட்டில் மூன்று ஷட்டர் போட்ட டயர் கடை என்னுடையது. நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறேன். எவன் தயவும் இல்லாமல் வந்தவன் நான்.

எவன் தயவும் இல்லாமல் என்று எழுதும்போதே என் சம்சாரம் ஞானம்மாள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "அந்த அஞ்சு ரூபாவையும் எழுதுய்யா" என்றாள். சரி, எழுதுகிறேன்.

போன மாசம் டை கட்டின ஒருத்தர் கடைக்கு வந்தார். பேங்க்கிலிருந்து வருகிறாராம். பிளாஸ்டிக் அட்டை ஒன்றைக் காட்டி, "சார், உங்க பழைய கிரெடிட் கார்டை மூடிடுங்க. அதுல லிமிட் கம்மி. எங்களோடதை எடுங்க, டபுள் லிமிட்" என்றார். பழசை மூடு என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "தம்பி, பழைய அட்டையை மூடி நான் பட்ட பேஜார் போதும். காபி சாப்பிட்டுக் கிளம்பு" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். பார்க்கட்டும். பொன்னுரங்கத்தைத் தெரியாதவருக்கு இது எப்படிப் புரியும்?

பொன்னுரங்கம் உள்ளூர்க் குடும்பம். நிலமெல்லாம் பிளாட்டாகப் போன பிறகு பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் செங்கல், மணல் வியாபாரம் செய்தார். கட்டை உடம்பு, முண்டா பனியன், இரும்பு நாற்காலி. மணல் விற்ற காசைத் தண்டலுக்கு விடுவார். தண்டல் என்றால் தினசரிக் கடன். ஐநூறு ரூபாய்க்கு ஐம்பதைப் பிடித்துக்கொண்டு நானூற்றைம்பது தருவார். தினம் ஐந்து ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். பழைய காலண்டர் அட்டையை வெட்டி, நூறு கட்டம் கோடு போட்டு, அதில்தான் கணக்கு. கட்டினால் கட்டத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு டிக்.

1980-இல் புளியமரத்தடியில் ஒரு கைப்பம்பு, இரண்டு டயர் லீவரோடு பஞ்சர் கடை போட்டேன். மூன்றாம் நாள் அவரே வந்து நின்று பார்த்தார். "ஏய் ஒட்டு, அட்டை வேணுமா?" என்றார். என் பெயர் சின்னப்பன். ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட அந்தப் பெயரைச் சொன்னதில்லை. ஒட்டுதான்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. தொண்ணூற்றொன்பது டிக் விழுந்ததும் நிறுத்திவிடுவார். நூறாவது கட்டத்து ஐந்து ரூபாயை நீட்டினால் வாங்க மாட்டார். "அது இருக்கட்டும்" என்பார். அடுத்த அட்டை போடும்போது பழைய ஐந்தைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார். அந்த அட்டையிலும் நூறாவது கட்டம் காலியாகத்தான் நிற்கும். மழைக்காலத்தில் இரண்டு மாசம் அட்டையே போடாமல் இருந்திருக்கிறேன். அப்போதும் அந்த ஐந்து ரூபாய் நிற்கும், அட்டை என் பையில் கிடக்கும். இப்படி முப்பத்து மூன்று அட்டை. அவருடைய கணக்குப்படி நான் கடன்காரனாக இல்லாத நாள் ஒன்றுகூட இல்லை. எனக்கு அது என்னைக் கட்டிப்போட வைத்த கயிறு மாதிரி தெரிந்தது.

அவர் வாய் இருக்கிறதே! ஒரு நாள் பகல் பன்னிரண்டு வரைக்கும் போணி இல்லை. லாரிக்காரர்கள் நாலு பேர் நிற்கிறார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்துகிறார்: "இன்னாடா ஒட்டு, மணி இன்னா ஆச்சி? டயரை ஊதிக்கினு கீறியா, காசை ஊதிட்டியா?" லாரிக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

1990 பொங்கலுக்கு முன்னால்தான் எல்லாம் நடந்தது. என் இடது தோள் போய்விட்டது. பத்து வருஷம் கைப்பம்பால் காற்றடித்த தோள். சோற்றுத் தட்டைத் தூக்கினால் வலிக்கும். ஒரு லாரி டயருக்குக் கையால் காற்றடித்துவிட்டு ஓரமாக உட்கார்ந்து அழுதிருக்கிறேன், யாரும் பார்க்காதபோது. எதிர்ப்பக்கம் கம்ப்ரஸர் வைத்த கடை ஒன்று வந்துவிட்டது. லாரியெல்லாம் அங்கே போனது. எனக்கு சைக்கிளும் மொபெட்டும்தான் மிச்சம். கம்ப்ரஸர் இல்லாவிட்டால் பொங்கல் கூட்டம் கழிந்ததும் கடையை எடுக்க வேண்டியதுதான், திரும்பவும் குவாரிக்கு. அந்தத் தோளோடு குவாரியில் என்ன செய்வது?

குரோம்பேட்டையில் ஸ்ரீநிவாசன் என்பவர் ஒர்க்‌ஷாப்பை மூடினார். அவருடைய பழைய கம்ப்ரஸர் ஆறாயிரத்தைந்நூறுக்கு வந்தது. புதிதாக வாங்கினால் மூன்று மடங்கு. "வெள்ளிக்கிழமை வரைக்கும் உனக்காக வெச்சிருக்கேன். சனிக்கிழமை திண்டிவனம் பார்ட்டி பணத்தோட வராங்க" என்றார். என் கையில் ஆயிரத்து எண்ணூறு இருந்தது.

மேற்குத் தாம்பரத்தில் தட்சிணாமூர்த்தி சார், ரயில்வேயில் இருந்து ரிட்டையர் ஆனவர், புரோநோட்டில் பெரிய தொகை கொடுப்பார். போய்க் கேட்டேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "தினம் எத்தனை அட்டைக்குக் கட்டறே?" என்றார். மூன்று என்றேன். பொன்னுரங்கத்தின் ஐநூறு ரூபாய் அட்டை. ஒரு பைனான்ஸ் கம்பெனியின் ஆயிரம் ரூபாய் அட்டை. மார்க்கெட்டில் காய்கறி விற்கும் கங்கையம்மாளின் முந்நூறு ரூபாய் அட்டை.

"மூணு அட்டைக்குக் கட்டறவன் எனக்கு எதைக் கட்டுவே? ரெண்டை மூடிட்டு, ஒரே ஒரு அட்டையோட வா. ஐயாயிரம் தரேன்" என்றார்.

எந்த இரண்டை மூடுவது? அன்று ராத்திரி சாப்பிடும்போது மூன்று அட்டையையும் தட்டுக்குப் பக்கத்தில் பரப்பி வைத்தேன். பொன்னுரங்கத்துக்கு இன்னும் இருநூறு பாக்கி. பைனான்ஸுக்கு நானூறு. கங்கையம்மாளுக்குத் தொண்ணூறு.

ஞானம்மாள் கையைக்கூடக் கழுவாமல் சொன்னாள்: "பைனான்ஸையும் கங்கையம்மாவையும் முடிச்சிடு. பொன்னுரங்கம் அண்ணன் அட்டை மேல கை வெக்காதே."

"ஏன்?"

"அது பழசுய்யா."

"பழசா இருந்தா? ஐநூறுக்கு மேல ஒரு பைசா ஏத்த மாட்டாரு. பைனான்ஸுல ஆயிரம். வசூலுக்கு வர்ற குப்பன் பேண்ட் போட்டுக்கினு டிவிஎஸ்ல வந்து, 'சார், இன்னிக்குக் கலெக்‌ஷன் சார்'ங்கிறான். இந்தாளு ஒட்டுங்கிறாரு."

"சார்னு கூப்ட்டா ஆச்சா? எட்டு மாசமாத்தான் அவனுக்கு உன்னைத் தெரியும்."

"பைனான்ஸையும் கங்கையம்மாவையும் முடிச்சா நானூத்தித் தொண்ணூறு போயிடும். ஐயாயிரத்தோட சேத்தாலும் நூத்தித் தொண்ணூறு துண்டு விழும். பைனான்ஸுக்குப் பதிலா பொன்னுரங்கத்தை முடிச்சா இருநூத்தித் தொண்ணூறுதான். கணக்கு சரியா வருது பாரு."

"அந்த நூத்தித் தொண்ணூறை நான் தரேன். இட்லிக் காசு கீது."

பஸ் ஸ்டாப்பில் அவள் இட்லி விற்றாள். அவளும் பொன்னுரங்கத்திடம் ஒரு அட்டை வைத்திருந்தாள், நூறு ரூபாய் அட்டை, தினம் ஒரு ரூபாய். நான் அதைக் கேலி செய்யாத நாள் கிடையாது. "ஒரு ரூபா அட்டைக்காரி எனக்குக் கணக்கு சொல்லிக் குடுக்கிறியா?" என்று எழுந்துவிட்டேன். கணக்கில் நான் தப்பு செய்யவில்லை. இன்றைக்குக் கூட்டிப் பாருங்கள், சரியாகத்தான் வரும்.

திங்கட்கிழமை காலையில் செங்கல் கடைக்குப் போய், ஆள் இருக்கும் நேரமாகப் பார்த்து, அட்டையையும் இருநூறு ரூபாயையும் அவர் முன்னால் வைத்தேன். பொன்னுரங்கம் எண்ணினார். நூற்றுத் தொண்ணூற்றைந்தை எடுத்துக்கொண்டு ஐந்து ரூபாயைத் தள்ளினார்.

"இது இருக்கட்டும்."

"வேணாம்ணா. அதையும் எடுத்துக்குங்க. அட்டையை முடிச்சிடுங்க."

"நூறாவது கட்டத்தையுமா?"

"நூறாவதையும்தான். சின்னப்பன் எவனுக்கும் பாக்கி வெக்கிறவன் இல்ல." சின்னப்பன் என்பதை அழுத்திச் சொன்னேன்.

மணல் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பொன்னுரங்கம் சிவப்புப் பென்சிலை எடுத்தார். "யோசிச்சிக்கினுதான் சொல்றியா?" என்றார். தலையாட்டினேன். காலிக் கட்டங்களிலெல்லாம் டிக் போட்டார், நூறாவதிலும் போட்டார். அட்டையை இரண்டாகக் கிழித்தார். திட்டவில்லை, கத்தவில்லை. "சரி, போய்ட்டு வா" என்றார். நான் கப் ஜெயித்தவன் மாதிரி ரோட்டைக் கடந்து வந்தேன். அப்படியே கங்கையம்மாளையும் முடித்தேன்.

மறுநாள் தட்சிணாமூர்த்தி சார் வீட்டுக்குப் போய், பைனான்ஸ் அட்டையை நீட்டினேன்.

"பொன்னுரங்கம் அட்டை எங்கே?"

"முடிச்சிட்டேன் சார். சுத்தமா. நூறு டிக்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "அதை ஏன்யா முடிச்சே? அதைப் பாத்துத்தான் உனக்குக் கொடுக்கறதா இருந்தேன்!"

"ரெண்டை மூடுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"ரெண்டை மூடுன்னேன். ஒன்பது வருஷத்தை மூடுன்னா சொன்னேன்? இந்த பைனான்ஸ் அட்டைக்கு வயசு எட்டு மாசம். இதை வெச்சு உன்னைப் பத்தி நான் என்ன தெரிஞ்சுக்கறது?"

"கடன் இல்லாதவனுக்குக் குடுக்கிறது நல்லதுதானே சார்?"

"கடன் இல்லாதவன் கட்டுவானா மாட்டானான்னு எவனுக்குத் தெரியும்? பொன்னுரங்கம் நூறாவது கட்டத்தை வாங்கிட்டார்னா இந்தப் பக்கம் அதுக்கு ரெண்டே அர்த்தம். ஒண்ணு, ஆள் ஊரை விட்டுப் போறான். இல்லேன்னா அவரே ஆளைத் தள்ளிட்டார். நீ எது?"

நான் இரண்டும் இல்லை, ரோஷக்காரன், அவ்வளவுதான். அதை எந்த அட்டையில் எழுதுவது?

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் பொங்கலுக்காகப் பொண்ணு வீட்டுக்குக் கிளம்பறேன். அதுக்குள்ள பொன்னுரங்கம் அட்டையோட வந்தா பணம். இல்லேன்னா இல்லை" என்று கதவைச் சாத்தினார்.

அன்று மத்தியானம் தாம்பரத்தில் ஒட்டு ரப்பரும் சொல்யூஷனும் வாங்கப் போனேன். வாரக் கணக்கில் கொடுக்கிற கடைக்காரர், "கேஷ் குடுத்துடு சின்னப்பா" என்றார். ஏன் என்றால், "நீ கடையைக் காலி பண்றதா பேசிக்கிறாங்களே" என்கிறார். சாயங்காலம் இடத்துக்காரரே வந்துவிட்டார். "எப்ப காலி பண்றே? அட்வான்ஸை எப்ப குடுக்கணும்?" நான் ஒருத்தனுக்கும் ஒரு பைசா பாக்கி வைக்கவில்லை. ஊரே என்னை ஓடிப்போகிறவனாகப் பார்க்கிறது! கடன்காரனாக இருந்தபோது கிடைத்த மரியாதை, கடனைத் தீர்த்த மறுநாள் போய்விட்டது. இது என்ன நியாயம்? இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

புதன்கிழமை செங்கல் கடைக்குப் போனேன். "அண்ணா, அந்த அஞ்சு ரூபாவைத் திருப்பிக் குடுங்க. பாக்கியாவே இருக்கட்டும்."

"எந்த அஞ்சு ரூபா?"

"நூறாவது கட்டம்ணா."

"அது முடிஞ்சி போச்சேப்பா."

"அப்போ புது அட்டை போடுங்க."

"புது ஆளுக்கு ஜாமீன் இல்லாம போடறதில்லியே. ஜாமீன் யாரு?"

"புது ஆளா? ஒன்பது வருஷமா உங்களுக்குக் கட்டிக்கினு வரேன்!"

"அது ஒட்டு. அவன் கணக்கை முடிச்சிக்கினு போய்ட்டான். நீ யாரோ சின்னப்பனாமே? உன்னை எனக்குத் தெரியாது."

மணல்காரர்கள் சிரித்தார்கள். எனக்கு அங்கேயே ஒரு செங்கல்லை எடுக்கத் தோன்றியது. தோள் தூக்கவில்லை, நல்லவேளை.

ஜாமீன் நிற்கிறவர் அவரிடம் ஓடுகிற அட்டை வைத்திருக்க வேண்டும். அதுதான் அவர் சட்டம். வியாழக்கிழமை முழுக்க அலைந்தேன். வெல்டிங் கடைக்காரர் மச்சினனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். பூக்கடையில் ஆள் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னார்கள். கங்கையம்மாள் மட்டும் முகத்துக்கு நேரே சொன்னாள்: "என் அட்டையையும் மூஞ்சில அடிச்ச மாதிரி முடிச்சியே, அப்ப இனிச்சிதா? போய் அந்த டிவிஎஸ்காரனைக் கேளு, சார்னு கூப்புடுவான்." குப்பனையும் கேட்டேன். "சார், நம்ம கம்பெனில ஜாமீன் எல்லாம் போட மாட்டாங்க சார்" என்றான். சாரை அவனே வைத்துக்கொள்ளட்டும்.

வெள்ளிக்கிழமை மூன்று மணி. ரோடு முழுக்க ஊருக்குப் போகிற கூட்டம். பஸ்ஸும் லாரியுமாக நகராமல் நிற்கிறது. ஒரு லாரிக்காரர் பின்சக்கரம் காற்றுப்போய் என் கடை வாசலில் நிறுத்தினார். உள்ளே எட்டிப் பார்த்து, "கம்ப்ரஸர் இல்லியா?" என்றார். இல்லை என்றேன். வண்டியைத் தேய்த்துக்கொண்டே எதிர்ப்பக்கம் போனார். பம்பைக் கீழே போட்டுவிட்டு இட்லிக் கூடை பக்கம் போனேன்.

ஞானம்மாள் கணக்குத் தீர்த்துப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரு ரூபாய் அட்டை ஓடிக்கொண்டிருந்தது. மூன்று நாளாக எனக்கு அது தெரியாமல் இல்லை. கேட்க நாக்கு வரவில்லை.

"ஞானம்மா."

"இன்னா?"

"உன் அட்டை எங்க கீது?"

அவள் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ரவிக்கையிலிருந்து அட்டையை எடுத்து, "வா" என்று முன்னால் நடந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் தட்சிணாமூர்த்தி சார் ஐயாயிரம் கொடுத்ததும், ஏழரை மணிக்கு டயர் வண்டியில் கம்ப்ரஸர் வந்து இறங்கியதும், நான் அதற்கு மாலை போட்டதும், பொங்கல் முழுக்க லாரிகள் வரிசை கட்டி நின்றதும் இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். நானே சொல்லியிருக்கிறேன். அதற்கு முன்னால் செங்கல் கடையில் நடந்ததை மட்டும் இதுவரைக்கும் யாருக்கும் சொன்னதில்லை.

பொன்னுரங்கம் ஞானம்மாளின் அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். "இவனுக்கு நீ ஜாமீனாம்மா?"

"ஆமாண்ணா."

"கட்டாம ஓடிட்டா?"

"எங்கண்ணா ஓடப்போவுது? பம்பைத் தூக்கவே தோளு இல்ல அதுக்கு."

நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த செங்கல் ஒன்றைத் தூக்கினார். அதன் அடியில் என் அட்டையின் இரண்டு துண்டும் இருந்தன. திங்கட்கிழமை கிழித்ததைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்திருக்கிறார்! நான்கு நாளாக என்னை அலைய விட்டுவிட்டு, துண்டு அங்கேயே இருந்திருக்கிறது. எனக்குக் கோபம் வந்ததா, அழுகை வந்ததா என்று இன்றுவரைக்கும் தெரியவில்லை.

"உன் வேலைதானே? ஒட்டிக்கினு வா" என்றார்.

கடைக்கு ஓடினேன். காலண்டர் அட்டையின் இரண்டு துண்டையும் சேர்த்து, பின்னால் சொல்யூஷன் தடவி, சைக்கிள் ட்யூபில் ஒரு துண்டு வெட்டி ஒட்டுப் போட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக எந்த டயருக்கும் ஒட்டுப் போட்டதில்லை. ஊதி ஊதி உலர்த்தி எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். மணி நாலரை.

பொன்னுரங்கம் அட்டையை இழுத்துப் பார்த்தார். பிரியவில்லை. பின்பக்கம் ஞானம்மாளைக் கையெழுத்துப் போடச் சொன்னார். ஒரு ரப்பர் துண்டால் நூறாவது கட்டத்தின் சிவப்பு டிக்கைத் தேய் தேய் என்று தேய்த்து அழித்தார். பிறகு பனியனுக்குள்ளிருந்து சுருக்குப் பையை எடுத்து, "கையை நீட்டு" என்றார்.

வலது கையை நீட்டினேன்.

ஒரு ரூபாய்க் காசாக எடுத்து வைத்தார். "ஒண்ணு." மணல்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ரெண்டு." பஸ் ஹாரன் காதைப் பிளந்தது. "மூணு. நாலு." ஐந்தாவது காசை உள்ளங்கையில் வைத்தவர் அதன் மேலிருந்து விரலை எடுக்கவில்லை.

"ஒட்டு, இதைத் திருப்பிக் குடுப்பியா?"

"குடுக்க மாட்டேண்ணா" என்றேன்.

விரலை எடுத்தார். "அஞ்சு."